மிக்தாலியா எழுதிக்கொண்ட எண்

கெஞ்சினாளாம். ஒரு கையால் எவேலியோவின் ஜீப்பைப் பிடுங்கிவிட்டு, மறு கையால் அதே ஜீப்பில் இடம் கேட்டுக் கெஞ்சினாளாம். இப்படிச் சொல்கிறவர்கள் யாரும் அந்த வியாழக்கிழமை காலையில் தெருவில் இல்லை, ரொட்டி வரிசையில் நின்றிருந்தார்கள். மிக்தாலியா கெஞ்சவில்லை. பொறாமையில் அவன் வண்டி எண்ணை எழுதினாள் என்பதும் பொய். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம், அப்புறம் அவரவர் வாய், அவரவர் பாடு.

பதினோரு வருஷம் தூரப் பேருந்தில் நடத்துநராக இருந்தவள் அவள். சொந்த ஊர் ஹதிபோனிகோவில் ஏறினால் ஹவானாவில்தான் இறங்குவாள். எண்ணெய்க் கப்பல் வருவது நின்றதும் பேருந்துகளும் நின்றன. மூன்று வாரம் பயிற்சி தந்து, மஞ்சள் சட்டை மாட்டி, ஊர் எல்லையில் ஆற்றுப் பாலத்தருகே நெடுஞ்சாலையில் அவளை நிறுத்தினார்கள். நீல எண் பலகை போட்டது அரசாங்க வண்டி. அதில் இடமிருந்தால், மஞ்சள்காரி கை காட்டியதும் நிற்க வேண்டும். வரிசைப்படி ஆட்களை ஏற்றிவிடுவாள். நோயாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் முதலிடம். நிற்காத வண்டியின் எண்ணை நோட்டில் எழுதிக்கொள்வாள். நோட்டின் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை உண்டு. ஒன்றைக் கிழித்தாலும் தெரிந்துவிடும்.

“பேருந்து திரும்பி வந்ததும் முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவோம்” என்றார் பயிற்சி கொடுத்தவர். மூன்று வருஷமாகிவிட்டது. சட்டை வெளுத்து வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டது.

அவளுக்கு ஒரு பழக்கம். வண்டி வந்தால் எண் பலகையைப் பார்ப்பாள், ஓட்டுகிறவன் முகத்தைப் பார்க்க மாட்டாள். முகத்தைப் பார்த்தால் இரக்கமோ கோபமோ வந்துவிடும் என்பாள். சில வாரம் முன்னால் ஒரு நாளும் அப்படித்தான். வரிசையின் முன்னால் ஒருத்தி மூச்சிரைப்புக்காரப் பையனை மடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருந்தாள். பையனின் உதடு நீலம் பூத்துவிட்டது. நீலப் பலகை போட்ட ஒரு ஜீப் வந்தது, பின்னால் மூன்று இடம் காலி. மிக்தாலியா கை காட்டினாள். வண்டி வேகம் குறையவில்லை. எண்ணை எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தால், சன்னலுக்கு வெளியே ஒரு கை சிநேகமாக ஆடிக்கொண்டு போகிறது. பக்கத்து வீட்டு எவேலியோ. முட்டைக் கிடங்கின் ஜீப்பை ஓட்டுகிறவன். நம்ம அக்காதானே நிற்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

பத்து நாளில் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் கடிதம் வந்தது. வியாழக்கிழமை மாகாணத் தலைநகர் சாங்தி ஸ்பிரிதுவில் விசாரணை, இருவரும் வர வேண்டும். குற்றம் உறுதியானால் அவன் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

தெருவில் ஓடுகிற நிலையில் இருந்தது அந்த ஒரு ஜீப்தான். மிக்தாலியாவின் மகள் யுசிமிக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. தலைப்பிள்ளை, ரத்த அழுத்தம் வேறு. முதல் வலி வந்த ஒரு மணி நேரத்துக்குள் அவள் சாங்தி ஸ்பிரிது ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊர் ஆம்புலன்ஸோ பெட்ரோல் இல்லாமல் நின்றது. மருமகன் கமகுவேயில் கரும்பு வெட்டப் போயிருந்தான். “எந்நேரமானாலும் கதவைத் தட்டுங்க அக்கா” என்று எவேலியோ வாக்குக் கொடுத்திருந்தான். கடிதம் வந்த பிறகு அவன் பேசுவதை நிறுத்திவிட்டான்.

மூலையில் டோமினோ ஆடுகிறவர்கள் சும்மா இருப்பார்களா?

“மிக்தாலியா, என் சைக்கிளையும் எழுதிக்கோ. பின்னால இடம் காலியாத்தான் இருக்கு.”

“உன் பின்னால உட்கார எவ வருவா? எழுதி என்ன பிரயோசனம்?” என்றாள்.

அவர்கள் சிரித்தார்கள். அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, மகளின் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. எழும்ப வெகு நேரம் ஆனது.

புதன்கிழமை மாலை எவேலியோ வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

“எட்டை மூணுன்னு பார்த்தேனோ, மூணை எட்டுன்னு பார்த்தேனோ, வெயில்ல கண்ணு கூசிச்சுன்னு சொல்லுங்க அக்கா. அவ்வளவு போதும். சாவி போயிட்டா யுசிமியை எதுல கூட்டிட்டுப் போவேன், தோள்லயா?”

அவன் போன பிறகு யுசிமி கேட்டாள். “சொல்லிடேன்மா. ஒரே ஒரு எண்ணுதானே?”

“அந்தப் பையன் உதடு நீலமா இருந்துச்சுடி.”

“அவனுக்கு அப்புறம் என்னாச்சு?”

“ஒரு கரும்பு லாரி நின்னுச்சு. ஏத்திவிட்டேன். அப்புறம் தெரியாது.”

தெரியாது என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. ஜீப் கேட்டு அந்தத் தாய் யார் வீட்டு வேலிக்குப் போய் நிற்பாள்?

விடிந்ததும் மஞ்சள் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். வறுத்த பட்டாணி கலந்த காப்பி அடுப்பில் பொங்கி வழிந்தது. யுசிமி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா. வலி வந்துடுச்சு.”

வெளியே ஜீப் இருமி இருமிக் கிளம்பிக்கொண்டிருந்தது. எவேலியோ வெள்ளைச் சட்டை போட்டு, விசாரணைக்குத் தனியாகப் புறப்பட்டுவிட்டான். மிக்தாலியா அடுப்பை அணைத்தாள். ஒரு கையில் மகள், அக்குளில் நோட்டு. வாசற்படி இறங்கி நேராக ஜீப்பின் முன்னால் போய் நின்று, பாலத்தருகே காட்டுவது போலவே கை காட்டினாள்.

“எந்த ஊருக்குப் போறீங்க, தோழர்?”

“உங்களுக்குத் தெரியாதா?”

“எத்தனை இடம் காலி?”

“அக்கா, உங்க இடம் பாலம். இது என் வீட்டு வாசல்.”

“சரி, பாலத்துக்குப் போ. அங்க வந்து நிறுத்துறேன். அதுவரைக்கும் இவ நடந்து வரணும்.”

எவேலியோ யுசிமியைப் பார்த்தான். அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்து நின்றாள். அவன் உள்ளிருந்தபடியே கையை நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டான்.

“அங்க போய் என்ன சொல்லப் போறீங்க?”

“நோட்டுல இருக்கறதைத்தான்.” மகளை ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள். “இன்னிக்கு நீ நின்னதையும் எழுதிக்கறேன்.”

“எழுதுங்க. எட்டை எட்டாவே எழுதுங்க.”

அவன் கியரை மாற்றினான். அவள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மடியிலிருந்த நோட்டைத் திறந்தாள்.

“பாலத்துல வரிசை நிக்கும், ஒரு நிமிஷம் நிறுத்து” என்றாள். “இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கு.”