மதகுக்காரன் எழுப்பிய பிள்ளைகள்

டக், டக், டக். விடியுமுன் தெருவுக்குள் முதலில் வருவது என் தடியின் சத்தம். அதற்குப் பின்னால்தான் நான் வருவேன். பாகூர் ஏரியின் மதகைத் திறந்து மூடுவது என் தொழில். இரவில் தூங்கக் கூடாதவன், பகலில் தூங்க முடியாதவன். சாமான் கட்டி வரும் காகிதங்களைப் பிரித்து எழுத்துக் கூட்டியதுதான் என் படிப்பு. இப்படிப்பட்டவனிடம்தான் தாய்மார்கள், "வர்ற வழியில எங்க வூட்டுப் பசங்களையும் எழுப்பி வுட்டுட்டுப் போண்ணே" என்று பொறுப்பைக் கொடுத்தார்கள்.

பிள்ளைகளை எழுப்பிப் பார்த்தவர்களே, உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? அதுவும் பொங்கல் விடுமுறை முடிந்த வாரம்! தைப் பனி வேறு. பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியார் ஒரு சட்டம் வைத்திருந்தார்: திறந்த வாரத்தில் மூன்று நாள் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பேரை அடித்துவிடுவார். வாய்க்கால் ஓரக் கடைசி வீட்டுப் பச்சையம்மாவுக்கு அதற்கு மேலும் ஒரு சட்டம். அவள் அப்பன் கோவிந்தன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "பேரு அடிபட்டா, அன்னிலேர்ந்து நடவுக்கு வந்துடணும்."

பிரெசான்

காத்தவராயனை எழுப்புவதற்கு எருமையை எழுப்பிவிடலாம். தடியால் தட்டினேன், போர்வையை உருவினேன், முகத்தில் தண்ணீர் தெளித்தேன். நாக்கை நீட்டி நக்கிவிட்டுத் திரும்பிப் படுத்தான். கடைசியில் வாசலில் நின்று, பெரிய வாத்தியாரைப் போல் மூக்கால், "காத்தவராயன்!" என்று கூப்பிட்டேன்.

பையன் விறைப்பாக எழுந்து நின்றான். கண் திறக்கவில்லை. வகுப்பில் பேர் கூப்பிட்டால் சொல்ல வேண்டிய பிரெஞ்சுப் பதிலைத் தெரு முழுக்கக் கேட்கும்படி, "பிரெசான், முசே!" என்று சொன்னான். சொல்லிவிட்டு மறுபடி பாயில் விழுந்தான். தூக்கத்திலும் உச்சரிப்பு பிசகவில்லை, நான் அசந்துபோனேன். அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்: "இன்னாண்ணே இது, வூட்லயே ஆஜர் குடுத்துட்டான். இனிமே பள்ளிக்கூடம் எதுக்கு?"

பாதி வழி

ஆரோக்கியசாமி வேறு ரகம். ஒரு நாள் இருட்டில் தெருமுனையில் ஏதோ மூட்டை என்று தடியால் குத்தினேன். மூட்டை, "ஏசுவே!" என்றது. சட்டை பொத்தான் போட்டிருந்தது, தலை வாரியிருந்தது, பலகைப் பை தலைக்கடியில் இருந்தது. பனியில் சட்டை மட்டும் நனைந்து ஒட்டியிருந்தது.

"இங்க ஏண்டா படுத்திருக்க?" என்று அதட்டினேன். புரண்டு படுத்தபடியே பொறுமையாக விளக்கம் சொன்னான்: "நான் நேத்து ராத்திரியே பொறப்பட்டுட்டேன் மாமா. வழியிலதான் செத்த படுத்திருக்கேன்."

பிஸ்கோத்து டப்பா

பச்சையம்மா சோம்பேறியல்ல. விடுமுறை முழுவதும் குனிந்து நாற்றுப் பறித்த உடம்பு. கூப்பிட்டால் எழுந்து உட்காருவாள். நான் திரும்பியதும் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். முதல் நாள் பள்ளிக்கு ஓடிப் போய்ச் சேருவதற்குள் பேர் கூப்பிட்டு முடிந்துவிட்டது. இரண்டாம் நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் அவளை எழுப்பி, முகம் கழுவும் வரை நகரக் கூடாது என்று நினைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்தா அப்படி ஆக வேண்டும்! வழக்கம்போல அவர்கள் பக்கத்து வாய்க்காலுக்கு மதகைத் திறந்துவிட்டுத் திரும்பினேன்; மேற்கு வாய்க்காலில் கரை உடைத்துக்கொண்டது. வைக்கோலும் சேறும் அள்ளிப் போட்டு அடைப்பதற்குள் வெயில் வந்துவிட்டது. சேற்றுக் காலோடு ஓடினேன். ஒரு பெண்ணின் படிப்பு என்னால் போயிற்றே!

கோவிந்தன் வாய்க்கால் துவைகல்லில் தனியாக உட்கார்ந்திருந்தான். கையில் மூடி போட்ட ஒரு பழைய பிஸ்கோத்து டப்பா. அதில் கயிறு தொங்கியது. பச்சையம்மா அதை இரவே காய்ந்த வாய்க்காலில் கட்டிவிட்டிருக்கிறாள். நான் திறந்த தண்ணீர் வந்ததும் டப்பா மிதந்து, கல்லில் 'டங் டங்' என்று மோதத் தொடங்கியிருக்கிறது. எழுந்து போய் எடுத்தால்தான் நிற்கும். எடுக்கவும் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் இறங்க வேண்டும். அதற்கப்புறம் யாருக்குத் தூக்கம் வரும்?

"இந்நேரம் பள்ளிக்கூடத்துல, பேரு கூப்பிடறதுக்கு முன்னாடியே போய்க் குந்திக்கினு இருப்பா," என்றான் கோவிந்தன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஏரித் தண்ணியையே வேலை வாங்கறாப்பா. இவளை நான் எங்க நடவுல எறக்கறது?"

மாலையில் அவளை வழியில் பார்த்தேன். நான் வராததற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு அதெல்லாம் பொருட்டேயில்லை. "நீ ஒரு தாட்டி கூப்ட்டுட்டுப் போயிடுவ மாமா," என்று சிரித்தாள். "தண்ணி போவாதே!"

ஊரை எழுப்புகிறவன் என்று நான் வைத்திருந்த பெருமையை ஒரு பிஸ்கோத்து டப்பா வாங்கிக்கொண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டே, மண்வெட்டியில் காய்ந்திருந்த சேற்றைத் தட்டிவிட்டு மதகுக்கு நடந்தேன்.