ஒரே போரில் இரண்டு முறை தோற்ற இளவரசர்

கொழும்புக் கந்தோர் ஒன்றில் ஆறு வருடம் தட்டச்சாளராக இருந்தபோது, ஆங்கிலத்தின் கடைசி எழுத்தான 'இசட்'டை நான் தொட்ட நாட்களை விரல்விட்டு எண்ணலாம். ரொறன்ரோவுக்கு வந்தபின், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றின் பதினான்காம் மாடியில், ஒரே குளிர்காலத்தில் அந்த எழுத்து தேய்ந்துபோனது. காரணம் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரசீகப் பட்டத்து இளவரசர் ஒருவர். அவருடைய தளபதிகள், நகரங்கள், கோட்டைகள் என்று எங்கு பார்த்தாலும் 'இசட்' இருந்தது. இடது கைச் சுண்டுவிரலால் அடிக்க வேண்டிய எழுத்து அது. மாசி மாதமளவில் என் சுண்டுவிரல் வீங்கிவிட்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி. என் கணவர் விடியவே பஸ் பிடித்து ஒஷாவாவில் ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். நான் சேலையும் சப்பாத்துமாக நாலைந்து நேர்முகங்களுக்குப் போய், எல்லா இடத்திலும் 'கனேடிய அனுபவம் இல்லையே' என்ற ஒரே பதிலைக் கேட்டு, பிறகு போவதையே விட்டுவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கதவு தள்ளி ஓர் ஈரானியக் குடும்பம் இருந்தது. வீட்டுக்காரர் பல்கலைக்கழகத்தில் வரலாறு ஆய்பவர். முதல் நாளே என் கணவர் அவரைப் பேராசிரியர் என்று அழைத்துவிட்டதால் எங்களுக்கு அவர் பேராசிரியர்தான். நான் கொழும்பில் தட்டச்சாளராக இருந்தவள் என்று லிஃப்டில் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அடுத்த நாள் காலை ஒரு பெட்டி நிறையத் தன் முனைவர் பட்ட ஆய்வின் கையெழுத்துப் பக்கங்களோடு வாசலில் வந்து நின்றார். பின்னால் அவருடைய மனைவி வாடகைக்கு எடுத்த மின் தட்டச்சு இயந்திரத்தைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு நின்றார்.

நல்ல தட்டச்சாளர் வாசிக்கக் கூடாது, அடிக்க மட்டும் வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் வாசித்தேன். அந்த இளவரசரை வாசிக்காமல் இருக்க முடியவில்லை. தன் குதிரைவீரர்கள் எவ்வளவு துணிந்து பாய்ந்தும் ரஷ்யர்களின் பீரங்கி முன் நிற்க முடியாததைக் கண்டு, புதுமாதிரிப் படை ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார். அணிவகுத்து நடக்கும் காலாட்படை, ஒரே சீருடை, தாய்நாட்டிலேயே வார்க்கும் பீரங்கி. பிரபுக்களும் மதப் பெரியவர்களும் முகம் சுளித்தார்கள். அந்நியனின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வரிசையில் நடப்பதா? அதனால் சனம் பார்த்துச் சிரிக்காதபடி, மதில் சூழ்ந்த ஒரு முற்றத்துக்குள் சில பேரை மட்டும் வைத்துப் பயிற்சியைத் தொடங்கினார். சீருடையை முதலில் தானே போட்டு, துப்பாக்கி பிடிப்பதைத் தானே பழகினார்.

அந்தப் பக்கத்தை அடித்த அன்று மத்தியானம், இலையுதிர் காலத்தில் மலிவு விற்பனையில் வாங்கி அலுமாரிக்குள் ஒளித்துவைத்திருந்த நீளக் காற்சட்டையை எடுத்து, அறைக் கதவைப் பூட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். கட்டிலைச் சுற்றி மூன்று தரம் நடந்தேன். கணவர் வருமுன் கழற்றி வைத்துவிட்டேன்.

முழு ஆய்வையும் அடித்து முடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் குத்தியது. பேராசிரியரைக் கூப்பிட்டேன். எங்களுக்குள் பேச்சு எப்போதும் இரண்டு பேருக்கும் இரவல் மொழியான ஆங்கிலத்தில்தான்.

"உங்கள் இளவரசர் இந்த ஆற்றங்கரைப் போரில் எத்தனை தரம் தோற்றார்?" என்று கேட்டேன்.

"ஒரு தரம்தான்."

"இல்லை, இரண்டு தரம். நாலாம் அத்தியாயத்தில் ஒரு தேதியில் தோற்கிறார். ஆறாம் அத்தியாயத்தில் பன்னிரண்டு நாள் கழித்து, அதே இடத்தில் திரும்பவும் தோற்கிறார்."

அவர் முகம் வெளிறிப்போனது. ரஷ்யர்களின் பழைய நாட்காட்டி பன்னிரண்டு நாள் பிந்தி ஓடியது என்றும், ஓரிடத்தில் ரஷ்ய அறிக்கையையும் இன்னோரிடத்தில் ஆங்கில அதிகாரியின் கடிதத்தையும் பார்த்து எழுதியதில் மாற்ற மறந்துவிட்டேன் என்றும் தலையில் கை வைத்தபடி சொன்னார். வெள்ளி மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஆய்வைக் கையளிக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு தரம் தவணை வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. சோபாவிலிருந்த என் கணவர் பத்திரிகையைத் தாழ்த்தி, "பாவம், ஒருக்காத் தோத்தது காணாதே அந்த மனுசனுக்கு?" என்றார். ஒருமுறை தோற்றது போதாதா என்று கேட்கிறார் என மொழிபெயர்த்துச் சொன்னேன். பேராசிரியர் கண் கலங்கச் சிரித்தார்.

தேதிகளை வெள்ளை மை பூசித் திருத்திவிடலாம். ஆனால் நாட்காட்டி பற்றி நாலாம் அத்தியாயத்தில் ஒரு நீண்ட அடிக்குறிப்பு வேண்டும் என்றார். இன்று கணினியில் நடுவிலே பத்து வரி சேர்த்தால் மிச்சமெல்லாம் சொன்னபடி கீழே இறங்கிவிடுகிறது. அன்று பத்து வரி சேர்த்தால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு பக்கத்தையும் திரும்ப அடிக்க வேண்டும். எல்லாம் முடிந்தது என்று அவர் எழுந்துவிட்டார். நான் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அரைவாசிக்கு மேல் வெறுமையாக இருந்தது. அடிக்குறிப்பு தள்ளிவிடுகிற வரிகள் எல்லாம் அதற்குள் அடங்கும். பக்க எண்கள் மாறா. ஆகவே அடிக்குறிப்பிலிருந்து அத்தியாயம் முடியும்வரை முப்பத்தெட்டுப் பக்கம் அடித்தால் போதும். வெள்ளிக்குள் முடிப்பேன் என்று சொன்னேன். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை.

வியாழனிரவே பனி கொட்டத் தொடங்கியது. வெள்ளி காலை ஒஷாவா பஸ் ஓடாததால் என் கணவர் வீட்டில் நின்றார். பேராசிரியர் மற்ற அத்தியாயங்களைச் சுமந்துகொண்டு, அலுவலகத்தில் விதிப்படி பக்க ஓரங்களை அளந்து பார்க்கத் தொடங்கட்டும் என்று முன்னதாகவே போய்விட்டார். கடைசிப் பதினொரு பக்கங்களை நான் அடிக்க அடிக்க, கணவர் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பெயராக வாசித்துச் சரிபார்த்தார். அவருக்கும் இளவரசரில் பிடிப்பு வந்துவிட்டது. துருக்கியரை அடித்து விரட்டிய இடத்தில் மேசையில் தட்டினார். "தேப்பன்காரன் நேரத்துக்கு உதவி அனுப்பியிருந்தால் உவன் ரஷ்யனையும் வெண்டிருப்பான்" என்று தகப்பனான அரசரைத் திட்டினார்.

பதினொன்றேகால். தெருவில் முழங்காலளவு பனி. சேலையோடு போனால் பாதி வழியிலேயே நின்றிருப்பேன். அறைக்குள் போய், காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓ, படைச் சீர்திருத்தம் இஞ்சையும் வந்திட்டுதோ?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வடிவாத்தான் இருக்கு. கெதியாப் போம்" என்றார்.

பிளாஸ்டிக் பையில் சுற்றிய பக்கங்களைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். ஸ்ட்ரீட்கார்கள் வரிசையாக நின்றுவிட்டிருந்தன. இரண்டு தரம் விழுந்தேன். இரண்டு தரமும் பக்கங்கள் நனையாதபடி முதுகில் விழுந்தேன். என்னை யாரும் பார்க்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அலுவலகத்தில் நரைத்த தலை அம்மா ஒருவர் அடிமட்டத்தால் ஒவ்வொரு பக்க ஓரத்தையும் அளந்துகொண்டிருந்தார். பேராசிரியர் அவர் முன்னால் விரல் நகத்தைக் கடித்தபடி நின்றார். நான் நுழைந்தபோது பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம். அந்த அம்மா முப்பத்தெட்டுப் பக்கத்தையும் அவசரப்படாமல் அளந்து, முத்திரை குத்தி, கண்ணாடியைக் கழற்றினார். இதை யார் அடித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். தட்டச்சாளர் கிடையாமல் மாணவர்கள் தன்னிடம் வந்து நிற்பதாகச் சொல்லி என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். அடுத்த இளவேனிலில் என் மேசையில் கனடாவின் நத்தைகள் பற்றி ஓர் ஆய்வும், ஐஸ்லாந்து மொழியின் இலக்கணம் பற்றி ஓர் ஆய்வும் இருந்தன. கனேடிய அனுபவத்தைப் பற்றி அதன்பின் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

இளவரசர் முடி சூடவில்லை. தகப்பனுக்கு முன்னரே காலமாகிவிட்டார். ஆனால் பேராசிரியர் தேறினார். ஆய்வைப் பரிசோதித்தவர்களில் ஒருவர் எடுத்த எடுப்பிலேயே அந்த நாட்காட்டி அடிக்குறிப்பைப் பற்றித்தான் கேட்டாராம். அதற்கு அவர் கால் மணித்தியாலம் பதில் சொன்னாராம்.

அந்த வாரக் கடைசியில் அவர்கள் வீட்டில் விருந்து. அவருடைய ஆய்வு வழிகாட்டியும் வந்திருந்தார், பெரிய மனிதர். பேராசிரியரின் மனைவி சோற்றுப் பானையை ஒரு தட்டில் கவிழ்த்தார். மேலே பொன்னிறமாக முறுகிய அடிச்சோறு வட்டமாக வந்து நின்றது. எங்கள் வீடுகளில் அடிப்பிடித்தால் ஏச்சு விழும், பானையை ஊறப்போட வேண்டும். அவர்களிடத்தில் அது மதிப்புக்குரிய விருந்தாளியின் பங்கு என்று பேராசிரியர் விளக்கினார். வழிகாட்டி தன் தட்டைச் சற்று முன்னே நகர்த்தினார். அந்தப் பெண் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மிகப் பெரிய துண்டாக உடைத்து, மேசையைச் சுற்றி வந்து என் தட்டில் வைத்தார்.

நான் கடித்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.