வாளிக்கு ஒரு சிலுவை

அன்று வீட்டில் இருந்தவர்கள்: அம்மா. அப்பா. அம்மாவின் தம்பி, எனக்கு மாமா. மாமி. அம்மாவின் அக்கா, எனக்குப் பெரியம்மா. பெரியப்பா. அவர்களுடைய மகன், நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அவனுக்கு அதுதான் முதல் வாக்கு. பிறகு நான். பத்து வயது. எனக்கு வாக்கு இல்லை.

பிரதேச சபைத் தேர்தல் வந்திருந்தது. முருங்கன் சந்தியில் கடை வைத்திருந்த ஒருவர் சுயேச்சைக் குழு சேர்த்தார். குழுவில் பெண்களும் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் கரையில் ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. மாமா அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் எங்களுக்குச் சொன்னார்.

அம்மா முதலில் ஏசினார். பிறகு யோசித்தார். தண்ணீர்க் குழாய் மாதா கோயில் திருப்பத்தோடு நின்றுவிட்டது. எங்கள் ஒழுங்கைக்குச் சபையின் பவுசர் வண்டிதான் தண்ணீர் கொண்டுவரும். கிழமையில் இரண்டு நாள். எத்தனை மணிக்கு என்று சொல்லமாட்டார்கள். அம்மா கருவாட்டு வாடிக்கு வேலைக்குப் போய்விடுவார். அந்த நாட்களில் நான் பள்ளிக்கூடம் போவதில்லை. கேன்களோடு நிற்பேன்.

“சரி, நிக்கிறன். குழாயை உள்ளுக்கு இழுக்கட்டும். இவள் பள்ளிக்கூடம் போகட்டும்.”

அம்மா செய்த தேர்தல் பேச்சு அவ்வளவுதான். ஒழுங்கைப் பெண்கள் எல்லாரும் ஓம் என்றார்கள்.

மன்னார்க் கச்சேரி அலுவலகத்தில் குழுவுக்கு வாளிச் சின்னம் கிடைத்தது. தண்ணீருக்கு வாளி. இதற்கு மேல் என்ன வேண்டும்? அப்படியே விட்டிருக்கலாம். மாமா விடவில்லை.

“தண்ணி தண்ணி எண்டால் சனம் கேக்காது அக்கா. மனசைத் தொடவேணும்.”

எல்லாவற்றையும் போனில் பார்த்துப் படித்திருந்தார். வாக்குச்சீட்டில் போடுவது புள்ளடி, குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடு. மாமா அந்தச் சொல்லைத் தூக்கிவிட்டார். ‘வாளிக்கு ஒரு சிலுவை’ என்று நோட்டீஸ் அடித்துக்கொண்டு வந்தார்.

“சிலுவையை ஏன்ரா இதுக்குள்ள இழுக்கிறாய்?” என்றார் அம்மா.

“வேதக்காரச் சனம் புள்ளடியை மறக்கும். சிலுவையை மறக்குமோ? நீ பேசாமல் இரு.”

அப்பா எழும்பினார். “நான் வலை பாக்கப் போறன்.”

எதிரே நின்றவர் பழைய மெம்பர். தண்ணீரைப் பற்றிப் பேச அவரிடம் ஒன்றும் இல்லை. மீன் ஏலம் போடும் இடத்தில் நின்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

“கக்கூஸ் வாளிக்கோ சிலுவை போடச் சொல்லுறாங்கள்?”

சனம் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லார் வீட்டுக் கக்கூஸிலும் ஒரு வாளி இருக்கிறதுதானே.

மாமா சும்மா இருந்திருந்தால் அந்தக் கதை கரையோடு போயிருக்கும். ஓட்டோவின் கூரையில் பெரிய நீல வாளி ஒன்றைக் கட்டினார். ஸ்பீக்கர் பூட்டினார். விடிய வெளிக்கிட்டால் பொழுதுபடும்வரை ஒரே சத்தம்.

“எங்கட வாளி கக்கூஸ் வாளி இல்லை! எங்கட வாளி கக்கூஸ் வாளி இல்லை!”

கதை போகாத ஒழுங்கைகளுக்கும் போய்ச் சொன்னார். சின்னப் பிள்ளைகள் “கக்கூஸ், கக்கூஸ்” என்று ஓட்டோவின் பின்னால் ஓடினார்கள்.

அம்மா நடு ரோட்டில் ஓட்டோவை மறித்தார்.

“டேய், அவன் ஒருக்காச் சொன்னதை நீயெல்லோ ஊருக்கெல்லாம் பாடமாக்கிக் குடுக்கிறாய்!”

“மறுக்காவிட்டால் சனம் உண்மையெண்டு நினைக்கும் அக்கா. உனக்கு அரசியல் விளங்காது.”

“தண்ணியைச் சொல்லடா.”

“அது சனத்துக்குத் தெரியும்தானே.”

பிறகு பவுசர் வரிசையில் பெண்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தர் மட்டும் மெதுவாகச் சொன்னார்: “உங்கட அம்மாவில ஒரு குறையும் இல்லைப் பிள்ளை. ஆனா சிலுவையெல்லே.” இதுவும் ஒரு காரணமா என்று எனக்கு எரிச்சல் வந்தது.

வாக்குப் போடும் நாள் காலையில் பெரியம்மா செபமாலையோடு வந்தார்.

“தம்பி, வேற மாதிரிக் கீறினால் செல்லாதோ?”

“சிலுவைதான் அக்கா. வாளிக்கு நேரே.”

பெரியம்மா தலையாட்டினார். வாக்குப் போட்டுவிட்டு வீட்டுக்கு வரவில்லை. நேரே கோயிலுக்குப் போனார். அம்மா வெல்ல நேர்த்தி வைக்கிறார் என்று நினைத்தேன்.

போட்ட இடத்திலேயே எண்ணினார்கள். பொழுதுபட மாமா வந்தார். வாசலில் நின்றபடி எண்ணிக்கையைச் சொன்னார். மாமி திரும்பச் சொல்லச் சொன்னார். மாமா திரும்பவும் அதையே சொன்னார். எல்லாரும் ஆளை ஆள் பார்த்தார்கள்.

அப்பா வெளியே போய் ஓட்டோவின் கூரையில் இருந்த வாளியை அவிழ்த்தார். “வாளி நல்ல வாளி,” என்று கேன்களோடு வைத்தார்.

அம்மா என்னிடம் சொன்னார்: “நாளைக்குப் பவுசர். எல்லாத்தையும் கழுவி வை.”

பெரியம்மாதான் அழுதார். விக்கி விக்கி அழுதார். அம்மாமேல் அவ்வளவு பாசம் என்று நினைத்து நான் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். வாங்கினார், குடிக்கவில்லை. அம்மா அவருடைய முதுகைத் தடவினார்.

“விடு அக்கா. அவன் செய்த வேலை.”

தோற்றது அம்மா. ஆறுதல் பெரியம்மாவுக்கு. அது ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

குழாய் இன்னும் கோயில் திருப்பத்தில்தான் நிற்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றேன்.

வீட்டில் வாக்கு இருந்தவர்கள் ஏழு பேர். அம்மாவுக்கு விழுந்தது ஆறு.