மரவள்ளிக் காட்டில் ஏணி

எங்கள் ஆபீசில் ஒட்டடை அடிக்க ஓர் ஏணி உண்டு. சுவரில் சாய்ந்தே நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் கொல்லிமலை அக்காவின் நினைவு வந்து தனியாகச் சிரித்துவிடுவேன். பார்ப்பவர்கள் என்ன நினைத்தாலும் சரி.

சில வருடங்களுக்கு முன், ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி ஏன் வேறுபடுகிறது, அதில் முதலாளிகளின் பங்கு என்ன என்று விசாரிக்கும் ஆய்வில் எனக்கு வேலை. நானும் கூட வேலை பார்த்த ஆண் ஒருவரும் செம்மேட்டில் பஸ் இறங்கி ஆளுக்கொரு தோட்டமாகப் பிரிந்துகொண்டோம். எனக்கு வாய்த்த மிளகுத் தோட்டத்து முதலாளி நல்ல மனிதர். காபி கொடுத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். தன் தோட்டத்தில் வித்தியாசமே கிடையாதாம். ஆண்கள் ஏணியில் ஏறி மிளகு பறிப்பதால் ஏணிக்கூலி என்று கொஞ்சம் சேர்த்துத் தருகிறாராம், அவ்வளவுதானாம். அன்று எல்லோரும் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் ஏணிக்கூலி உண்டா என்று கேட்டேன். உண்டு என்றவர், மோவாயைத் தடவியபடி மீதியை நாளைக்குக் கேட்டுக்கொள்ளச் சொன்னார்.

கிளம்பும்போது அங்கே வேலை செய்யும் அக்கா வழிகாட்ட வந்தாள். மகளைக் காலேஜில் சேர்த்திருக்கிறாளாம். அந்த ஏணிக்கூலி தனக்கும் கிடைத்தால் ஹாஸ்டல் செலவுக்கு ஆகும் என்றாள்.

மறுநாள் போனால் மரவள்ளிக் காட்டுக்குள் ஆறு ஏணிகள். சாய்த்துவைக்க ஒரு மரம்கூடக் கிடையாது. ஆறு ஆண்கள் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிழங்கு பிடுங்கப் பார்த்தார்கள். நான் மறுபடி கேள்வி கேட்காமல் இருக்க முதலாளி செய்த முன்னேற்பாடு. மேட்டுக் கொட்டகையிலிருந்து அந்த ஏணிகளைச் சுமந்து வந்ததோ பெண்கள். எப்போதும் அது அவர்கள் வேலைதான். அக்கா தோளைத் தேய்த்துக்கொண்டே முதலாளியிடம் போனாள்.

“ஏனுங்க, ஏறாத ஏணிக்குக் கூலி தர்றீங்க. தூக்கியாந்த ஏணிக்குக் கெடையாதுங்களா?”

முதலாளி ஆண்களைப் பார்த்தார், ஏணிகளைப் பார்த்தார், என் பேனாவைப் பார்த்தார். பேனாதான் பயமுறுத்தியிருக்க வேண்டும். இனிமேல் எல்லோருக்கும் ஏணிக்கூலி என்றும், அதைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளும்படியும் சொன்னார். அந்த வாரமே கொடுத்தும்விட்டார்.

பஸ் ஏற்றிவிட வந்த அக்கா, “உங்க ஆபீசுல உனக்கு ஏணிக்கூலி உண்டா கண்ணு?” என்று கேட்டாள். சிரித்துவிட்டு வந்தேன். ஊருக்குத் திரும்பி விசாரித்தால், என்னோடு அதே வேலை பார்த்தவருக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம். காரணம் கேட்டால், அவர் பைக் ஓட்டுகிறாராம். கொல்லிமலைக்கு அவரும் என்னோடு பஸ்ஸில்தான் வந்தார், என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு. கூலி வித்தியாசத்தை ஆராயப் போனவளுக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், அக்கா ஒரே கேள்வியில் வாங்கியதை நான் கடைசிவரை கேட்கவேயில்லை.

இப்போது சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவது நான். போன மாதம், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வந்து, தன்னோடு சேர்ந்தவருக்கு மட்டும் ஏன் அதிகம் என்று கேட்டாள்.

“அவர் பைக்குல...” என்று ஆரம்பித்தேன். அவளுக்குப் பின்னால், சுவரில், ஏணி நின்றது. வாயை மூடிக்கொண்டு பட்டியலைத் திருத்தினேன்.