ஒட்டிப்போன பலகைகளும் தாஸ் அண்ணனும்

தாஸ் அண்ணன் போயிட்டாரு.

காலைல பழைய கம்பெனி வாட்ஸாப் குரூப்புல பாத்தேன். நெஞ்சுவலியாம்... ஆஸ்பத்திரி போய்ச் சேரதுக்கு முன்னாடியே.

தக்கலைப் பக்கம் ஒரு பலகைக் கம்பெனில ஆறு வருஷம் ஒண்ணா வேலை பாத்தோம். ரப்பர் மரப் பலகைக்கு லாக்கர்னு ஒரு பளபளப்புப் பூச்சு அடிச்சு யுவி லைட்டுக்கு அடியில விட்டா, அந்தப் பக்கம் காஞ்சு வெளிய வரும். லேபுல லாக்கர் கலக்குதது நான். மெஷின் ஓட்டுதது அவரு.

சண்டைன்னா தினசரி சண்டை.

அவருக்கு லாக்கர் தண்ணியா ஓடணும், இல்லன்னா ரோலர் பலகையில வரி வரியா இழுத்துரும். எனக்கு அது லைட்டுக்கு அடியில போன உடனே காயணும். ரெண்டும் ஒண்ணா லேசுல அமையாது. தண்ணியாக்குத சரக்கு கூடிப்போச்சுன்னா காயது பிந்தும்.

அடியில ஓட்டை போட்ட கப்புல லாக்கரை ஊத்தி, எத்தனை செகண்டுல எறங்குதுன்னு பாப்போம். அந்தக் கப்பைத் தூக்கிட்டு லேப் வாசல்ல வந்து நிப்பாரு. "மக்கா, இது லாக்கரா பலாச்சக்கப் பசையா? எறங்க மாட்டேங்கு பாத்தியா?"

"தண்ணியா வேணும்னா கொழாயில பிடிச்சுட்டுப் போங்க அண்ணே"ம்பேன். சிரிச்சுட்டே போவாரு.

மழைக்காலத்துல லாக்கர் இன்னும் கெட்டியாவும். கேன்டீன்ல வெந்நி கேட்டு வாங்கி, டின்னை அதுக்குள்ள எறக்கி வச்சுட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டுத மாதிரி பக்கத்துலயே குத்த வச்சு இருப்பாரு. "சூடு ஏறினா தானா இளகிரும் மக்கா, ஒண்ணும் ஊத்தாண்டாம்."

அந்த மனுசனைத்தான்...

ஒரு மழைநாள் அடிச்ச பலகை முழுக்க மறுநாள் காலைல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிடந்துது. சரியா காயவே இல்ல. எனக்கு வாய் நீளம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். மேனேஜர், லோடிங் ஆளுங்க, எல்லாரும் நிக்காங்க. "லாக்கரைத் தண்ணியாக்க எனக்குத் தெரியாம தின்னர் ஊத்தினீங்கதானே"ன்னு கத்திட்டேன்.

"நான் ஊத்தல மக்கா." அவ்வளவுதான் சொன்னாரு. சுரண்டியை எடுத்துட்டு ஒவ்வொரு பலகையா பிரிக்க உக்காந்துட்டாரு.

அடுத்த நாளும் எனக்குன்னு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கொண்டுவந்து லேப் மேசையில வச்சாரு. நானும் வெக்கமில்லாம சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு, அந்த லாக்கரை அவருகிட்ட குடுக்கதுக்கு முன்னாடியே லேபுல எடுத்து வச்சிருந்த சாம்பிளை லைட்டுல விட்டுப் பாத்தேன். அதுவும் காயல. மழைக்குக் கெட்டியாயிரும்னு பயந்து, தண்ணியாக்குத சரக்கை அன்னைக்கு நான்தான் கூட்டிப் போட்டிருக்கேன்.

யாருட்டயும் சொல்லல. கமுக்கமா கலவையை மட்டும் மாத்தினேன். அதுக்குள்ள அண்ணனுக்கு 'தின்னர் தாஸ்'னு பேரு விழுந்தாச்சு. கூப்பிட்டா அவரும் திரும்பிப் பாப்பாரு.

பிறகு நான் வேலையை விட்டுட்டேன். கிறிஸ்மஸுக்கு அவரே போன் பண்ணுவாரு. இந்தத் தடவை சொல்லிரணும்னு நெனப்பேன்... அங்க மழை உண்டா, பிள்ள சுகமான்னு பேசிட்டு வச்சிருவேன்.

இன்னைக்கு அவருக்க வீட்டுக்குப் போனேன். பழைய ஆளு ஒருத்தரு "நம்ம தின்னர் தாஸ் போயிட்டானே"ன்னு சத்தம் போட்டு அழுதாரு. அண்ணனுக்க மவ ஜெனி எங்கிட்ட வந்து, "அக்கா, அப்பாவை ஏன் அப்படிக் கூப்பிடுதாங்க?"ன்னு கேட்டா.

தெரியலன்னு சொன்னேன். பாவி நான்... அப்பவும் தெரியலன்னுதான் சொன்னேன்.

ஜெனி, இங்க எழுதிப் போட்டா நீ இதைப் படிப்ப. கம்பெனி ஆளுங்களும் படிப்பீங்க. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கத்தினேன், அதனால எல்லார் முன்னாடியும் சொல்லுதேன். உங்கப்பா தின்னர் ஊத்தல பிள்ளே. தப்பு எனக்க தப்பு.

நாளைக்கு அடக்கத்துக்கு வருவேன் அண்ணே... மண்ணு போட எனக்குக் கை வருமான்னு தெரியல.