வெளியூர் மாப்பிள்ளை

ஸுஹறாவுக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று மன்னார் முசலிக் கரையோரத்தில் அவளுடைய ஊர் முழுக்கச் சொல்லும். சொல்லட்டும். தொண்ணூறாம் ஆண்டில் துவக்கைக் காட்டி முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டிய புலிகளிடம் “நாங்கள் செய்த பிழை என்ன?” என்று கேட்டது அந்த வாய்தான். புத்தளத்து அகதி முகாமுக்குப் பக்கத்துக் குழாயடியில், “இது எங்கட தண்ணி” என்று தள்ளிவிட்டவர்களோடு மல்லுக்கு நின்றதும் அதே வாய்தான். உப்பளத்தில் கூலிக்குப் போனாள், புருஷனைப் பறிகொடுத்தாள், மகள் றஸ்னாவைத் தனியே வளர்த்துப் புத்தளத்துப் பையன் மர்சூக்குக்குக் கட்டிக் கொடுத்தாள். சண்டை முடிந்ததும் மூவருமாக ஊர் திரும்பி, ஸுஹறாவுடைய வாப்பாவின் காணியில் மண்டிக் கிடந்த காட்டை வெட்டினார்கள். முள் கிழித்ததெல்லாம் மர்சூக்கின் கையைத்தான்.

காணி வெளித்த பிறகு பள்ளிவாசல் ஜமாஅத் ஒரு முடிவு எடுத்தது. விரட்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் குடியிருக்கலாம். அகதியாக இருந்த காலத்தில் வெளியூரிலிருந்து எடுத்த மாப்பிள்ளைகள் குடியிருக்கவும் கூடாது, கரையில் தோணி இறக்கவும் கூடாது. அதாவது றஸ்னா இருக்கலாம், மர்சூக் போகவேண்டும். கேட்டதும் ஸுஹறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கூட்டம். பெண்கள் போகிற வழக்கம் இல்லை. அவள் மர்சூக்கையும் இழுத்துக்கொண்டு, கையில் ஒரு செம்புத் தண்ணீரோடு பள்ளி முற்றத்தில் போய் நின்றாள். ஜமாஅத் தலைவர் கலந்தர் அவளுடைய கூடப் பிறந்த ராத்தாவின் புருஷன், அவளுக்கு மச்சான். நல்ல மனிதர்தான், ஊர் இன்னொரு தரம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவரை ஆட்டிக்கொண்டிருந்தது.

“கோவிக்காத, ஸுஹறா. இருக்கிறது துண்டுக் காணி, துண்டுக் கரை. இண்டைக்கு உன்ர மருமகன், நாளைக்கு நாலு தோணி வச்சிருக்கிற முதலாளி வருவான். ஆரை உள்ள எடுக்கிறதெண்டு ஊர்தானே தீர்மானிக்கோணும்? வீட்டுக்காரனுக்கு வாசலைச் சாத்த உரிமை இல்லையா?”

“முதலாளிக்குச் சாத்துங்கோ, மச்சான், நானும் வந்து கதவைப் பிடிக்கிறன். என்ர மகள்ட புருஷனுக்குச் சாத்துறதெண்டா அவளுக்கு ஒரு நியாயம் சொல்லுங்கோ. நீ இரு, புருஷனை விடு எண்டுறது நியாயமா? எங்களை விரட்டினவங்களும் ஊர் தங்கடை எண்டுதான் சொன்னவங்கள்.”



அந்த ஊரில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். பெண்ணின் தம்பி வாசலில் அவன் காலைக் கழுவி உள்ளே எடுப்பான். அன்றிலிருந்து அவன் ஊர்க்காரன். றஸ்னாவின் கல்யாணம் முகாமில், தறப்பாள் கூரை போட்ட கொட்டிலில் நடந்தது. அங்கே வாசலும் இல்லை, அவளுக்குத் தம்பியும் இல்லை.

ஸுஹறா குனிந்து மருமகனின் காலில் தண்ணீரை ஊற்றினாள். மர்சூக் கூசிப்போய்ப் பின்வாங்கினான்.

“மாமி, வேணாம்!”

“நில்லுங்கோ, மகன்.”

இரண்டு காலையும் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“எருக்கலம்பிட்டியிலயிருந்து நீங்க மாப்பிள்ளையா வந்தண்டைக்கு, மச்சான், உங்கட காலைக் கழுவினது என்ர தம்பி. செம்பு தூக்கி வந்தது நான். எந்த ஊரான் எண்டு ஆரும் கேட்டதா? இதில இருக்கிற ஆம்பிளையள் பாதிப்பேர் அப்பிடி வந்தவங்கதான். இவர் இண்டைக்கு வந்திருக்கார். வெளியூர் மாப்பிள்ளை போகத்தான் வேணுமெண்டா, முதல்ல நீங்க எழும்புங்கோ. நாங்க பின்னால வாறம்.”

கலந்தர் கதிரையை விட்டு எழும்பவில்லை. மற்றவர்களும் எழும்பவில்லை.  ஸுஹறா வெறும் செம்பை எடுத்துக்கொண்டு, மருமகனை முன்னே விட்டுக் காணிக்கு நடந்தாள். கூரை மேய இன்னும் தென்னோலைக் கிடுகு பின்ன வேண்டியிருந்தது.