தாலியோடவா, இல்லாமலா?

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் ஸ்டுடியோ போட்டது தொண்ணூற்றைந்தில். அப்போது ஊரில் போட்டோக்காரன் என்றால் ஒரு மரியாதை இருந்தது. உட்கார் என்றால் உட்காருவார்கள், மோவாயைத் தூக்கு என்றால் தூக்குவார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கண்ணை மூடிவிட்டால் பெரிய ஆபீஸராக இருந்தாலும் ஒரு சத்தம் போடுவேன். படம் சரியில்லை, லைட் சரியில்லை என்று யாராவது சொன்னால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு படம் எடுத்துக் கொடுப்பேன்.

அந்தத் திமிரை ஒரே ஒரு கண்ணாடிக் கதவு அடக்கிவிட்டது. இரண்டாயிரத்துக்குப் பிறகு எனக்கு நாலு கடை தள்ளி ஏசி போட்ட கலர் லேப் ஒன்று வந்தது. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை, எடுத்துக்கொண்டவர் எழுந்து சட்டையைச் சரிசெய்வதற்குள் கையில் கொடுத்தார்கள். நானோ, ஃபிலிம் முடியட்டும், நாளைக்கு வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யார் வருவார்கள்? கல்யாண ஆர்டர்களும் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. என் ஷோகேஸில் மிச்சமிருந்த அழகு என் மனைவியின் படம்தான். கல்யாணமான புதிதில், அரக்கு நிறக் கூறைப்புடவையில், இரண்டு கையையும் மடியில் வைத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது.

நானும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டு ஆறு மாதம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன். லேப்காரன் செய்யாத வேலை ஏதாவது கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தபோது, அது தானாகவே கடையேறி வந்தது. சிறுவாச்சூர்க்காரர் ஒருவர், இறந்துபோன தன் தாயாரின் வாக்காளர் அட்டையை நீட்டினார். "வேற போட்டோவே இல்லீங்க. இதப் பெருசு பண்ணித் தர முடியுங்களா?" லேபில் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். தபால்தலை அளவு முகம், மிரண்ட கண், கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் வயல் வேலைக்குப் போன அந்தக் காலப் பெண்கள் பலருக்கு ஆயுளுக்கும் அந்த ஒரு படம்தான். அதுவும் அரசாங்கம் கூப்பிட்டு எடுத்ததால் இருந்தது.

முகத்தை ஸ்கேன் செய்து, சுத்தமாக்கி, பெரிதாக்கினேன். கீழே வைக்க ஒரு உடம்பு வேண்டும். எதிரே ஷோகேஸ். மனைவியின் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கழுத்தோடு வெட்டி, அந்த அம்மாவின் தலையை வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. புடவையை அரக்கிலிருந்து பச்சையாக்கினேன். கைகளை முகத்தின் நிறத்துக்குக் கறுக்க வைத்தேன். என் மனைவிக்கு இடது மணிக்கட்டில், சின்ன வயதில் கஞ்சி கொட்டி வெந்த தழும்பு உண்டு. அதை மட்டும் அழிக்கவில்லை. பாடுபட்ட கை என்று பார்ப்பவர்கள் நம்ப அது உதவும் என்று தோன்றியது. அவ்வளவு தொழிலறிவு எனக்கு!

சிறுவாச்சூர்க்காரர் படத்தைப் பார்த்துக் கடையிலேயே குலுங்கி அழுதார். பட்டுப்புடவையில், நிமிர்ந்து, மகாராணி மாதிரி அவருடைய அம்மா. அதற்குப் பிறகு வாய் வழியாகவே பேர் பரவியது. அரியலூர், செந்துறை என்று பஸ் ஏறி வந்தார்கள். செத்தவங்க படமா, அந்தக் கடைக்குப் போங்க என்று லேப்காரனே ஆள் அனுப்பினான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "தாலியோடவா, இல்லாமலா?" டீக்கடையில் சீனி போடவா என்று கேட்பார்களே, அப்படி. புருஷன் இருக்கும்போதே போனவர் என்றால் தாலியும் பொட்டும் இருக்கும். விதவை என்றால் இரண்டும் இருக்காது. இதற்காக மனைவியின் உடம்பை இரண்டு ஃபைலாக வைத்திருந்தேன். தாலி இல்லாத ஃபைலைத் தயார் செய்ய ஒரு மதியம் முழுக்க ஆனது. மஞ்சள் கயிறு புடவை மடிப்புக்குள் போய்ப் புகுந்திருந்தது. பல மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக அழித்துக்கொண்டிருந்தேன். அந்நேரம் பார்த்து அவள் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து பின்னால் நின்றாள். திரையில் வெறும் மஞ்சள் கட்டங்கள்தான் தெரிந்தன.

"சோறு ஆறுது. இன்னும் என்னங்க?"

"இரு. இந்தக் கயிறு போவ மாட்டேங்குது."

இதைச் சொன்னவன் நான்தான். எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை. அவளிடம் எதையும் மறைத்தேன் என்றும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்து, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்திருந்த காலம் அது. என் மனைவியோடு பள்ளிக்கூடத்தில் படித்த தோழி ஒருத்தியை உடையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவளுடைய மாமியார் இறந்துவிட்டார். தோழியின் கணவர் ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர். அவரே தாயாரின் வாக்காளர் அட்டையோடு என் கடைக்கு வந்தார்.

"தாலியோடவா, இல்லாமலா?"

"இல்லாமதாண்ணே. அப்பா போயி இருவது வருசம் ஆச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "பட்டுப் பொடவையில வெச்சுக் குடுங்க. முந்திரிக் காட்டுலயே கெடந்துச்சு எங்கம்மா. பட்டு கட்டிப் பாத்ததே இல்ல."

அந்தப் படத்துக்கு மெனக்கெட்டு மயில்கழுத்து நிறம் கொடுத்தேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு மனைவியோடு நானும் கிளம்பினேன். துக்க வீடுகளுக்குப் போவதென்றால் எனக்கு வேப்பங்காய். ஆனாலும் போனேன். என் வேலையை நாலு பேர் புகழ்வதை அவள் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்ற ஆசை. பஸ்ஸிலேயே சொன்னேன், "படத்த நல்லாப் பாரு. அசந்துருவ."

கூடத்தில் நாற்காலி போட்டு, படத்துக்கு ரோஜா மாலை சாத்தி, விளக்கேற்றி வைத்திருந்தார்கள். "உசுரோட ஒக்காந்திருக்க மாதிரியே இருக்கு" என்றார் ஒரு பெரியவர். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. என் மனைவி கை நிறைய உதிரிப்பூ எடுத்துக்கொண்டு படத்தின் முன் குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை. பூவைப் போடவுமில்லை. படத்தில் இருந்த இடது கையையே பார்த்தாள். பிறகு தன் இடது கையை மெதுவாக அதன் பக்கத்தில் கொண்டுபோனாள். இரண்டு மணிக்கட்டிலும் ஒரே தழும்பு. மாலையை லேசாக விலக்கிப் படத்தின் கழுத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. பூ மொத்தமும் தரையில் விழுந்தது. அவள் கை தன் கழுத்துக்குப் போய்த் தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்படியே திரும்பி என்னைப் பார்த்தாள்.

அத்தனை வருஷம் அது எனக்கு ஒரு ஃபைல். அந்த நொடியில்தான் அது என் பெண்டாட்டியின் உடம்பு என்று உறைத்தது. தாலி இல்லாமல், மாலை போட்டு, விளக்கேற்றி உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தாலியைக் கட்டியதும் நான், எடுத்ததும் நான்.

"என்னடி ஆச்சு? மயக்கமா?" என்று தோழி ஓடிவந்து பிடித்தாள். "ஒண்ணுமில்ல. வெறும் வயிறு" என்றாள் என் மனைவி. துக்க வீட்டில் அவர்களுடைய அம்மாவைப் பறித்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கு இருந்திராத அறிவு அது.

சாப்பிடாமல் கிளம்பினோம். அரியலூர் வரை பெண்கள் சீட்டில் முன்னால் உட்கார்ந்துகொண்டாள், ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெரம்பலூர் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எத்தன வூட்டுல செத்திருக்கேன்?"

தெரியலை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

பெரம்பலூரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடைக்கு நடந்தாள். "தெறங்க" என்றாள். கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'பெண் 1 தாலியுடன்', 'பெண் 1 தாலி இல்லாமல்' என்று நான் பேர் வைத்திருந்த இரண்டையும் படித்தாள். இரண்டாவதைத் திறக்கச் சொன்னாள். தலை இருக்க வேண்டிய இடத்தில், வெட்டி எடுத்ததைக் காட்டும் வெறும் கட்டங்கள், அதற்குக் கீழே அவள். முடித்துக் கொடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி விரல் விட்டு எண்ணினாள். இருபத்தெட்டு. அதில் பத்தொன்பது தாலி இல்லாதவை.

"கயிறு போவ மாட்டேங்குதுன்னீங்களே. அது இதானா?"

ஆமாம் என்றேன்.

"ஆம்பளைங்களுக்கு யாரு ஒடம்ப வெக்கிறீங்க?"

"சிடியில கெடைக்கும். கோட்டு போட்ட ஒடம்பு. எவனோ."

"ஏன், நீங்க இல்ல?"

"எனக்குத் தோள் சரியா வராது" என்றேன். பச்சைப் பொய். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் நிற்கவில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை அரியலூர்க்காரர் ஒருவரின் முகத்தை என் வெள்ளைச் சட்டை மேல் வைத்துப் பார்த்திருக்கிறேன். பையில் நான் எப்போதும் செருகும் பேனா. அதற்கு மேலே செத்தவன் முகம். அந்த நிமிஷமே அழித்தேன், கம்ப்யூட்டரில் அழித்ததைப் போடும் தொட்டியையும் காலி செய்தேன். சாயங்காலம் பிள்ளையாருக்குச் சூடம்கூட ஏற்றினேன். மறுநாள் காலை வந்து, வழக்கம்போல் அவள் உடம்பில் ஒரு அம்மாவின் தலையை வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "பயமா இருந்துச்சு" என்றேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. "அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

தெரியாமல் செய்தேன் என்றுதான் உடையார்பாளையத்திலிருந்து என்னை நானே தேற்றிக்கொண்டு வந்திருந்தேன். தெரிந்திருக்கிறது. என் உடம்பு என்று வந்தபோது மட்டும் தெரிந்திருக்கிறது.

அவள் எழுந்து இரண்டு லைட்டையும் போட்டாள். "அந்த வெள்ளச் சட்டைய மாட்டிக்கிட்டு வந்து ஒக்காருங்க" என்றாள். கடை ஆணியில் தொங்கிய அதை மாட்டிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். எத்தனையோ பேரை உட்கார வைத்த ஸ்டூல், எனக்குக் குத்தியது. அவள் கேமராவுக்குப் பின்னால் நின்றாள்.

"கைய மடியில வைங்க. என்னைய அப்புடித்தான வெச்சீங்க?"

வைத்தேன்.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டேன்.

"இருவத்தெட்டு ஆவட்டும். கண்ண மூடாதீங்க."

அவள் உடம்பு இருந்த இரண்டு ஃபைலையும் அவளே அழித்தாள். அதன் பிறகு பெண்களுக்கு முகம் மட்டும்தான், கழுத்துக்குக் கீழே புகைபோல் கரைத்துக் கொடுத்துவிடுவேன். பட்டு கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். ஆண்களுக்கு உடம்பு நான்தான்.

முதலில் வந்தவர் செந்துறைக்காரர். அவருடைய அப்பாவின் முகத்தை என் தோளுக்கு மேல் வைக்க ஒரு பகல் முழுக்க ஆனது. அவர் படத்தை வாங்கிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எங்கப்பாவேதாங்க" என்றார். என் சட்டைக்கு எந்த இடத்தில் மாலை விழும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் படியிறங்கினார். சாப்பாட்டுக் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தவள், உள்ளேயிருந்து சொன்னாள்.

"ஒண்ணு."